வருந்தத் தெரிந்த அத்திம்பேர்

என் அக்கா ஸ்ரீலக்ஷ்மியின் கணவர் கஸ்தூரிரங்கனுக்கு இங்கிலீஷில் ஆயிரக்கணக்கான வார்த்தைகள் தெரியும். அதில் அவர் உயிரையே வைத்திருந்தது ‘ரிக்ரெட்’ என்ற வார்த்தைமேல். ஜென்ம விரோதியாக நினைத்தது ‘அபாலஜி’யை. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். வந்த வேலையை மறந்துவிட்டு உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டியதுதான். நான் மச்சினன் என்பதால் இந்தப் பாடத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன், சில சமயம் ஒரு வாய் காபிகூட இல்லாமல்.

“இதோ பாரு சம்பத்,” என்று ஆரம்பிப்பார். “மழை பெஞ்சு உன் வேஷ்டி நனைஞ்சு போச்சு. ‘அடடா, நனைஞ்சு போச்சே’ன்னு நான் சொன்னா அது ரிக்ரெட். ‘ஜன்னலைத் திறந்து வெச்சது நான்தான்’னு சொன்னா அது அபாலஜி. முன்னதை யார் வேணா யாருக்கு வேணா சொல்லலாம். பின்னதைத் தப்பு பண்ணினவன்தான் சொல்ல முடியும்.”

“தப்பு பண்ணினா சொல்லணுமோல்லியோ அத்திம்பேர்?”

“பண்ணினாத்தானே!”

அங்கேதான் இருக்கிறது விஷயம். அவர் கணக்கில் அவர் தப்பே பண்ணினதில்லை. உலகத்தில் தப்புகள் நடக்கும், அவர் பக்கத்தில் நின்றுகொண்டு வருத்தப்படுவார்.

தேனாம்பேட்டையில் ஒரு பெரிய சர்க்கார் ஆபீஸில், புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் அவர் சூப்பரின்டெண்டென்ட். யாரோ ஒரு ரிடையரான வாத்தியாருக்கு வரவேண்டியது வரவில்லை, மனுஷர் செருப்புத் தேய நடக்கிறார் என்றால், இவர் ஜம்மென்று ஒரு பதில் போடுவார். ‘தாமதம் வருந்தப்படுகிறது.’ அவ்வளவுதான். வருந்துவது யார் என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் அந்தக் கடிதத்தில் கிடைக்காது. பியூனா, டைரக்டரா, ஜனாதிபதியா? வருத்தம் தானாகவே அந்த ஆபீஸில் உற்பத்தியாகித் தானாகவே தபாலில் போய்ச் சேரும். சிக்கலான புகார் எது வந்தாலும் ‘கஸ்தூரிகிட்ட கொடு’ என்பார்களாம் மேலதிகாரிகள். தன் கடிதத்தைக் காட்டி ஒருவனும் சர்க்கார்மேல் கேஸ் ஜெயித்ததில்லை என்று என்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

ஆபீஸ் சமாசாரத்தை ஆபீஸோடு விட்டிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்? மனுஷர் அதைப் பஸ்ஸுக்கும் கொண்டுபோனார். ஒருநாள் லஸ் கார்னரில் பஸ் ஏறும்போது ஒரு ஆளின் காலை நன்றாக மிதித்துவிட்டார். நானும் கூட இருந்தேன். “கால் மிதிபட்டதுக்கு ரொம்ப வருத்தம்,” என்றார். அந்த ஆள் இவரை மேலும் கீழும் பார்த்தான்.

“இன்னா சாமி, மிதிச்சது நீ, வலிக்கிறது எனுக்கு. நடுவுல வருத்தம் யாருக்கு?”

பஸ்ஸே சிரித்தது. அத்திம்பேர் மட்டும் இறங்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தக் காலத்தில் டிவியில் படம் பாதியில் நின்றால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு அட்டையைக் காட்டுவார்கள். எங்கள் குடும்பத்தில் அத்திம்பேருக்கு ‘தடங்கல்’ என்றே பெயர். வைத்தவன் நான்தான். அவர் தலையைக் கண்டதும் சின்னப் பசங்கள்கூட ‘தடங்கல் வந்தாச்சு’ என்று கிசுகிசுக்கும்.

இந்தச் சிரிப்பெல்லாம் அக்கா விஷயத்தில் எனக்கு வராது.

அக்கா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே டெலிபோன் ஆபரேட்டர். ட்ரங்க் கால் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு கையில் டில்லியையும் இன்னொரு கையில் பம்பாயையும் பிடித்துக்கொண்டு பேசுவாள். அந்த வேலையில் அவளுக்கு அப்படி ஒரு கர்வம். வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் ‘லைன் க்ளியரா இருக்கு, கத்தவேண்டாம்’ என்பாள். நீரஜா பிறந்தபோது லீவில் இருந்தாள். லீவு முடிகிற சமயம் குழந்தைக்கு உடம்பு சரியில்லை, இன்னும் கொஞ்ச நாள் நீட்டிக்கலாம் என்று பேச்சு. “வெள்ளைத்தாள்ல ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடு, நான் ஆபீஸ்ல டைப் அடிச்சு அனுப்பிடறேன்,” என்றார் அத்திம்பேர். கட்டின கணவர் கேட்கிறார், போட்டுக் கொடுத்தாள். அவர் டைப் அடித்து அனுப்பியது லீவு விண்ணப்பம் இல்லை, ராஜினாமா. அது ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று எக்ஸ்சேஞ்சிலிருந்து தபால் வந்தபோதுதான் அக்காவுக்கே தெரியும்.

அவருக்கும் ஒரு காரணம் இருந்தது. ராத்திரி ஷிஃப்டு, கைக்குழந்தை, நாலு பேர் என்ன சொல்லுவார்கள். காரணம் இல்லாமல் யார்தான் அயோக்கியத்தனம் பண்ணுகிறார்கள்? அக்கா அன்றைக்குக் கத்தவில்லை, பிறந்த வீட்டுக்குக் கிளம்பி வரவுமில்லை. “நீங்க பண்ணினது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ, போறும்,” என்று மட்டும் கேட்டாள்.

“அப்படி ஆயிடுத்தேன்னு எனக்கும் வருத்தம்தான் லக்ஷ்மி,” என்றார் அவர்.

ஆயிடுத்தாம். டைப்ரைட்டர் தானாக அடித்துக்கொண்ட மாதிரி. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் இதே கதை. கூட வேலை பார்த்தவள் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள் என்று காதில் விழும்போது, வீட்டில் போன் வந்து அதை அத்திம்பேர் ஓடிப்போய் எடுக்கும்போது, அக்கா அதே கேள்வியைக் கேட்பாள். அவர் அதே பதிலைச் சொல்வார். சித்திரக்குளம் பக்கத்தில் இருந்த அவர்கள் வீட்டில் அதைச் சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. அவளுக்கு ஒரு வார்த்தை வேண்டும். அவர் அதைத் தரமாட்டார். மற்றபடி சமையல் நடந்தது, கோயிலுக்குப் போனார்கள், பெண்ணும் வளர்ந்து வேலைக்குப் போனாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடையில் நீரஜாவுக்குக் கல்யாணம். மெட்ராஸே குடமும் கையுமாகத் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த வருஷம். மாப்பிள்ளை நிரஞ்சன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பரம சாது. அவன் அப்பா வேம்பு ஒரு உரக் கம்பெனியில் இங்கிலீஷ் கடிதப் போக்குவரத்தைப் பார்த்து ரிடையரானவர். அதைக் கேட்டதுமே நான் உஷாராகியிருக்க வேண்டும். இங்கிலீஷ் கடிதம் எழுதியே தலை நரைத்த இரண்டு பேரை ஒரே மண்டபத்தில் விடலாமா?

தி.நகரில் மண்டபம். மாடியில் மாப்பிள்ளை வீட்டார், கீழே நாங்கள். முதல்நாள் சாயங்காலம், நான் பூக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, மண்டபத்து வாட்ச்மேன் கபாலி அத்திம்பேரிடம் வந்து தலையைச் சொறிந்தான்.

“சார், ரெண்டு லாரி சொன்னதுல ஒண்ணுதான் வந்துகீது. இன்னொண்ணு வந்துகினு கீதுன்றான். வந்தாத்தான் நெஜம்.”

வேறு யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? இன்னொரு லாரிக்கு ஆள் விரட்டுவார்கள். சம்பந்தி காதில் விழாமல் பார்த்துக்கொள்வார்கள். நம் பக்கத்து ஜனங்களைக் குளிக்காதீர்கள் என்று கெஞ்சுவார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் காலம்காலமாகப் படுகிற பாடுதான் அது. அத்திம்பேர் தன் கைப்பையைத் திறந்து வெள்ளைத்தாளும் ஸ்கெட்ச் பேனாவும் கோந்து பாட்டிலும் எடுத்தாராம். பெண் கல்யாணத்துக்குக் கோந்து பாட்டில் கொண்டுவந்த ஒரே தகப்பனார் அவராகத்தான் இருப்பார். கொட்டை எழுத்தில், இங்கிலீஷில், இப்படி எழுதினார்: ‘மணமகன் தரப்பினர், நபர் ஒருவருக்கு ஒரு பக்கெட்டுக்கு மேல் தண்ணீர் உபயோகிப்பது தவிர்க்கப்பட வேண்டும். மீறல்கள் கடுமையாகக் கருதப்படும். உத்தரவுப்படி, மணமகளின் தந்தை.’ அதை மாடி பாத்ரூம் கதவுகளில் ஒட்டிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு இறங்கி வந்து படுத்துவிட்டார்.

விடிந்தது. மாடிப்படி உச்சியில் வேம்பு நின்றார். இடுப்பில் ஈரத்துண்டு, காதோரம் சோப்பு நுரை, கையில் கிழித்தெடுத்த நோட்டீஸ்.

“யார் ஓய் இந்த உத்தரவு போட்ட கலெக்டர்?”

கீழே எங்கள் பாத்ரூமிலும் ஒட்டியிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அங்கே ஒட்டவில்லை. “ஏன் அத்திம்பேர், நமக்கு மட்டும் இல்லையா?” என்று கேட்டேன். “நம்ம மனுஷாளுக்கு வாய்மொழி உத்தரவு போறும்,” என்றார் கூசாமல்.

மாடியில் பெட்டிகளை மூடும் சத்தம் கேட்டது. “காசி யாத்திரைக்குப் பையன் குடையும் கையுமா கிளம்பினா, பொண்ணோட அப்பா வந்து மறிக்கணும்பா. இன்னிக்கு யாரும் மறிக்க வேண்டாம். அதே குடையோட மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போயிடறோம்,” என்று வேம்பு சத்தம் போட்டார். அவர் கேட்டது ஒன்றுதான். கஸ்தூரிரங்கன் மேலே வரவேண்டும், எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கவேண்டும். அதுவரை ஒருத்தரும் படி இறங்கமாட்டார்கள்.

முகூர்த்தம் ஒன்பது மணிக்குள். அத்திம்பேர் பதறினாரா என்றால், இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டிராஃப்ட் எழுத ஆரம்பித்தார். தூது போக நான்.

முதல் டிராஃப்ட்: ‘தண்ணீர்ப் பற்றாக்குறையால் நேர்ந்த அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.’ வேம்பு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “தண்ணி இல்லாததுக்கு யார் கோச்சுண்டா? ஊருக்கே இல்லை. நான் கேக்கறது நோட்டீஸுக்கு.” கீழே ஓடிவந்தேன். இரண்டாவது: ‘நோட்டீஸ் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்குமாயின் ஆழ்ந்த வருத்தம்.’ வேம்புவின் முகம் சிவந்தது. “ஆக, அவர் சரியாத்தான் எழுதினார், நான்தான் தப்பா புரிஞ்சுண்டேனா? இந்த மாதிரி வாக்கியம் நான் ஆயிரம் எழுதியிருக்கேன் ஓய். உரமே போய்ச் சேராத விவசாயிக்கெல்லாம் எழுதியிருக்கேன். என்கிட்டயேவா?” மூன்றாவதில் ‘ஆழ்ந்த’ என்பது ‘மிக ஆழ்ந்த’ என்று மாறியிருந்தது. வேம்பு அதைப் படிக்கவே இல்லை, மடித்து விசிறிக்கொண்டார்.

பட்டுவேஷ்டியில் உட்கார்ந்திருந்த நிரஞ்சன் மெதுவாக, “அப்பா, நான் வேணா கீழ இறங்கிடட்டுமா?” என்றான்.

“உக்காருடா. ரெண்டு பக்கெட்ல குளிச்சவன் நீ. உன்மேலதான் முதல் நடவடிக்கை,” என்றார் வேம்பு.

நான் படி ஏறி இறங்கியே செத்தேன். தாய்மாமன் என்ற முறையில் மாலை மாற்றும்போது பெண்ணை வேறு தூக்க வேண்டும். இடுப்பு ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கிழங்களும் மூன்றாம் பேர் யாரையும் பற்றிக் கவலைப்படாமல் இங்கிலீஷில் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் பண்ணிவைக்க வந்த வாத்தியார் மூன்றாம் தடவையாகக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “இன்னும் தாமதிச்சா அடுத்த முகூர்த்தம் ஆனியிலதான்,” என்றார்.

அதைக் கேட்டு அக்கா மணப்பெண் அறையிலிருந்து வெளியே வந்தாள். பின்னாலேயே நீரஜா, தலை நிறையப் பூவோடும் வெறும் வயிற்றோடும்.

“அப்பா,” என்றாள் நீரஜா. “நீ அந்த நோட்டீஸை ஒட்டினியா இல்லையா?”

“ஒட்டினேன். ஆனா தண்ணி இல்லேங்கறது உண்மை.”

“ஒட்டினது சரியா, தப்பா?”

“சூழ்நிலையைப் பாக்கணும்மா...”

“சூழ்நிலையைக் கேக்கலைப்பா. இன்னிக்கு இந்தக் கல்யாணம் நின்னா, ‘கல்யாணம் நின்னதுக்கு வருந்துகிறோம்’னு வாசல்ல ஒரு நோட்டீஸ் ஒட்டுவியோ? ஒட்டு. அதுக்குக் கீழ நானும் கையெழுத்துப் போடறேன். ஆனா அதுக்கப்புறம் நான் உன்கூடப் பேசமாட்டேன். இது டிராஃப்ட் இல்லை, ஃபைனல்.”

அவள் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்திம்பேருக்கு முகம் விழுந்துவிட்டது. பெண் என்றால் அவருக்கு உயிர். பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். “மேல போய்ச் சொல்லிட்டு வாங்கோ,” என்றாள் தணிந்த குரலில்.

“உனக்குப் புரியாது லக்ஷ்மி. ஒரு தடவை ஒத்துண்டா, அப்புறம் நாம தப்பு பண்ணினவாளாயிடுவோம்.”

“எனக்கா புரியாது?” என்றாள் அக்கா.

அவர் அவளைப் பார்க்காமல் எழுந்தார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு படி ஏறினார். நான் பின்னால், எனக்குப் பின்னால் தேங்காய்ப் பழத் தட்டோடு அக்கா. மாடியில் வேம்பு வீட்டு ஜனம் முழுக்க ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தது. அத்திம்பேர் நடுவில் போய் நின்றார். உதடு காய்ந்திருந்தது. நாக்கால் தடவிக்கொண்டார்.

“நோட்டீஸ் ஒட்டினது நான். அது தப்பு. உங்களை அவமானப்படுத்திட்டேன். மன்னிச்சுக்கோங்கோ.” அப்புறம், சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, இங்கிலீஷிலும் சொன்னார். “ஐ அபாலஜைஸ்.”

சொல்லி முடிக்கக்கூட விடவில்லை வேம்பு. “அடடா, என்ன ஓய் இது, பெரிய வார்த்தையெல்லாம்!” என்று தாவி வந்து கட்டிக்கொண்டார். “ஒரு பக்கெட் தண்ணி சமாசாரம். நான் அப்பவே மறந்துட்டேன். கொஞ்சம் உரிமை எடுத்துண்டு பேசினேன், அவ்வளவுதான்.” காலையிலிருந்து எங்கள் பிராணனை வாங்கிய மனுஷருக்கு அந்த வார்த்தை கையில் கிடைத்ததும் அதை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. குடை வந்தது, கைத்தடி வந்தது, நிரஞ்சன் காசிக்குக் கிளம்பினான், அத்திம்பேர் போய் மறித்துக் கூட்டிவந்தார். நான் நீரஜாவைத் தூக்கினேன், இடுப்பு சொன்னபடி கேட்டது. முகூர்த்தத்துக்குள் தாலி ஏறியது. இரண்டாவது லாரி அதற்கப்புறம் வந்து சேர்ந்தது.

நான் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து இறங்கியதிலிருந்து அவள் யாரோடும் அதிகம் பேசவில்லை. ஆரத்தி எடுத்தாள், வந்தவர்களுக்குத் தாம்பூலம் கொடுத்தாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். எல்லாரும் பெண் கல்யாணமாகிப் போகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கடைசிப் பந்தியில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பெண்ணின் அம்மாவுக்கு அப்போதுதான் சோறு. கூடம் காலியாகிவிட்டது, பந்தியிலும் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. அத்திம்பேர் சந்தோஷமாக வந்து எதிரில் நின்றார். “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது லக்ஷ்மி. சம்பந்தி தங்கமான மனுஷர்.”

அக்கா இலையைப் பார்த்தபடியே பேசினாள். “நேத்திக்கு வரைக்கும் நான் என்ன நினைச்சிண்டிருந்தேன் தெரியுமா? உங்களுக்கு அந்த வார்த்தை வாய்ல வராது, அது ஒரு குறை, சில பேருக்குத் திக்குவாய் மாதிரின்னு. அதனாலதான் நான் பொறுத்துண்டேன். இன்னிக்கு அட்சரசுத்தமா வந்துதே.”

“பொண்ணோட வாழ்க்கையாச்சே லக்ஷ்மி. என்ன பண்றது?”

“என்னோடது?” என்றாள் அக்கா.

நான் சோற்றை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினேன். எழுந்து போகவும் முடியாது, பந்தியில் பாதியில் எழுந்திருக்கக்கூடாது. அத்திம்பேர் வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் இலையைத் தூக்கி அவர்மேல் எறிந்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

“அப்ப நடந்தது...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பரிமாறுகிறவர் சாத்தமுது வாளியும் ரசக் கரண்டியுமாக வந்தார், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

“வெத்துத்தாள்ல கையெழுத்து வாங்கிண்டு போய் உன்னை ஏமாத்தினேன்,” என்றார் அத்திம்பேர். குரல் உடைந்திருந்தது. “பண்ணினது நான்தான். தப்பு. மன்னிச்சுக்கோ.”

சொல்லிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். காலையில் சம்பந்தி கட்டிக்கொண்ட மாதிரி ஏதாவது நடக்கும், ‘அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு’ என்று ஒரு வார்த்தை வரும் என்று அவர் எதிர்பார்த்தது முகத்திலேயே தெரிந்தது. நானும் எதிர்பார்த்தேன்.

அக்கா தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“ஆமாம்,” என்றாள். “ஏமாத்தினேள்.”

பிறகு சாத்தமுதுக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். சாதத்தைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். அத்திம்பேர் எதிரில் நின்றுகொண்டே இருந்தார்.